பஞ்சு உன் மடியில் இருக்கிறது

மாலை ஐந்தரை மணிக்கு ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு வந்து பார். 87 ஏக்கர் ஏரி. 2019இல் சீர்செய்து, கரையில் பூங்காவும் நடைபாதையும் போட்டுத் திறந்த நாளிலிருந்து ஊர் மூச்சு விட வருகிற இடம் அதுதான். சர்க்கரைக்காக நடக்கிற பெரியவர்கள், பேரனுக்கு நாரை காட்டுகிற பாட்டிகள், வேலை முடிந்து யூனிஃபார்ம் மாற்றாமலே வந்து உட்கார்கிற அம்பத்தூர் எஸ்டேட் பையன்கள், கல்லூரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு போனைத் தேய்க்கிற பெண்பிள்ளைகள்.

அங்கே ஒரு தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். டிப்ளமோ முடித்துவிட்டு அம்பத்தூரில் ஒரு பட்டறையில் சிஎன்சி மெஷினில் நிற்கிறான். நைட் ஷிஃப்ட். ராத்திரி மூன்று மணிக்குக் கண் சொருகும்போது, பக்கத்து மெஷினில் நிற்கிற ஒடிசா பையனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பானாம். "முதல்ல என்ன சொல்லிக் கொடுத்த?" என்று கேட்டேன். "பசிக்குதுன்னு சொல்லக் கத்துக் கொடுத்தேன் சார். அவன் பதிலுக்கு அவங்க ஊர்த் தாலாட்டு பாடுவான். மெஷின் சத்தத்துல பாதிதான் காதுல விழும்." எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "இதை எழுதுடா, இதுதான்டா நாவல்" என்றேன். சிரித்தான். "நாவலா? நானா? அதெல்லாம் படிச்சவங்க எழுதுறது சார்."

அந்தச் சிரிப்பு என்னை விடவே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். தம்பி, தங்கச்சி, உங்களிடம்தான் பேசுகிறேன். கொஞ்சம் உரக்கவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படித்தவர்கள் எழுதுவது என்று உனக்குச் சொன்னது யார்? திருவல்லிக்கேணியில் ஒரு பெண் இருந்தார். 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்லுவார். எழுதத் தெரியாத அந்தக் காலத்தில் அவர் வாயால் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி உட்கார்ந்து எழுதினார். அப்படித்தான் 'இந்திரமோகனா' நாடகம் பிறந்தது. அவர்தான் வை.மு.கோதைநாயகி. பிறகு தாமே எழுதக் கற்று, 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். அவருக்கு ஒரு பட்டம்மாள் தேவைப்பட்டார். உன் பாக்கெட்டில் இருக்கிற போனில் வாய்ஸ் டைப்பிங் இருக்கிறது. நீ பேசப் பேச அது தமிழில் அடித்துக் கொடுக்கிறது. இன்னும் என்ன சாக்கு மிச்சம்?

ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் அவரைத் தேடி வந்தது. கன்னியாகுமரிப் பக்கத்து மலர்வதி ஒரு துப்புரவுத் தொழிலாளியின் மகள். தம் தாய் பட்ட பாட்டைத் 'தூப்புக்காரி' என்று நாவலாக்கினார். 2012இல் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் அந்தப் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது. அந்தத் தலைப்பை ஒரு நிமிடம் யோசித்துப் பார். எந்தச் சொல்லால் ஊர் தள்ளி வைத்ததோ அந்தச் சொல்லையே அட்டையில் போட்டு நிமிர்ந்து நின்றிருக்கிறார். துணிச்சல் என்பது அதுதான்.

இன்னொரு பிள்ளை சொல்லுகிறது: "எனக்குத் தமிழ் சரியா எழுத வராது, நான் இங்கிலீஷ் மீடியம்." தங்கச்சி, தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான் மலையாளத்தில் படித்தவர். தமிழ் எழுத்து கைக்குச் சரளமாக வராது. நெஞ்சில் இருந்ததோ ஊரின் தமிழ். அந்தத் தமிழை மலையாள எழுத்தில் எழுதினார், பிறகு அது தமிழ் எழுத்துக்கு மாறியது. 1988இல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' வந்தது. 1997இல் 'சாய்வு நாற்காலி'க்கு அகாதெமி விருது. மிளகாய் வற்றல் வியாபாரம் பார்த்துக்கொண்டே எழுதினார் அந்த மனிதர். ஒற்றுப் பிழையைத் திருத்த ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உன் அம்மா கோபத்தில் பேசுகிற பேச்சை உன்னை விட்டால் எழுத ஒருத்தரும் இல்லை.

வயசு போதவில்லையா? பி.ஆர்.ராஜமய்யர் 1893இல் 'கமலாம்பாள் சரித்திர'த்தை 'விவேக சிந்தாமணி'யில் தொடராக எழுதத் தொடங்கியபோது அவருக்கு இருபத்தொரு வயது. வத்தலகுண்டிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பிள்ளை. தமிழில் நாவல் என்ற வடிவமே அப்போது கைக்குழந்தை. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சாகிப் பதினைந்து வருடம்கூட ஆகவில்லை. பின்பற்றப் பாதை கிடையாது, கேட்கக் குரு கிடையாது. அந்தப் பையன் தன் ஊரையும் அதன் வம்புப் பேச்சையும் தாயாதிச் சண்டையையும் மட்டும் நம்பி இறங்கினான். 1898இல், இருபத்தாறாவது வயதில் இறந்துபோனான். 'பெரியவன் ஆன பிறகு எழுதலாம்' என்று அவன் காத்திருந்தால் தமிழுக்கு அந்த நாவல் இல்லை. அவனை 'அவன்' என்று எழுதியதற்குப் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். இருபத்தொரு வயதில் அவன் உங்கள் செட்டுப் பையன், அதை நீங்கள் உணர வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி எழுதினேன்.

"சரி சார், ஆனா எங்க ஊர்ல எழுத என்ன இருக்கு?"

இந்தக் கேள்வியைக் கேட்டால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கும்பகோணத்துத் தெருக்களை தி.ஜானகிராமன் எழுதினார். கரிசல் காட்டைக் கி.ராஜநாராயணன் எழுதினார். நாகர்கோவிலில் ஒரு புளியமரத்தைச் சுற்றிச் சுந்தர ராமசாமி ஒரு காலத்தையே எழுதிவிட்டார். சிந்தாதிரிப்பேட்டையைத் தமிழ்ப்பிரபா 2018இல் 'பேட்டை' என்று எழுதினார், அந்தப் பேட்டைக்காரர்கள் பேசுகிற அதே பேச்சில். நம் திருவள்ளூர் மாவட்டத்து ஊர்களைத் தொட்டுத் தமிழ்மகன் 2009இல் 'வெட்டுப்புலி' எழுதினார். ஒரு தீப்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த படம் அவருக்கு நூல்நுனி. தீப்பெட்டிப் படத்தில் நாவல் இருக்கும்போது ஆவடியில் இல்லையா?

சுற்றிப் பார். 1955இல் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட ஊர் ஆவடி. 1965இல் விஜயந்தா டாங்கி உருண்டு வெளியே வந்த தொழிற்சாலை இங்கே. விமானப் படை, சிஆர்பிஎஃப் முகாம் என்று நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் குடும்பங்கள் வந்து இறங்கிய ஊர். ஒரே காம்பவுண்டில் நாலு மொழியில் குழந்தை திட்டு வாங்கும். ஆயுதம் செய்கிற வேலைக்குப் போய்விட்டு வந்து, வாசலில் மல்லிக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற அப்பாக்கள் இருக்கிற ஊர். அந்த அப்பா ஃபேக்டரியில் என்ன செய்கிறார் என்று வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. முப்பது வருடம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அந்த மௌனத்தோடு உட்கார்ந்த ஒரு மகள் எழுதினால் எப்படி இருக்கும்!

ஏரிக்குக் கீழே நெல் விளைந்த நிலம் மனை மனையாகக் கூறு போடப்பட்ட கதையை உன் பாட்டியிடம் கேட்டிருக்கிறாயா? முதல் மனையை வாங்கியவர் யார், விற்றவர் அந்தப் பணத்தில் என்ன செய்தார், கல் நட்ட அன்றைக்கு வீட்டில் உலை வைத்தார்களா? கேள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது உன் பக்கத்தில் சாப்பாட்டுக் கூடையோடு நிற்கிற அந்த அக்கா எத்தனை மணிக்கு எழுந்தார் என்று கேள்.

செய்கிற வேலையே நாவலாகும். பெருமாள்முருகன் சினிமாக் கொட்டகையில் சோடா விற்கிற பையன்களை வைத்து 'நிழல் முற்றம்' எழுதினார். அவருடைய முதல் நாவல் 'ஏறுவெயில்' 1991இல் வந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயது. வீரபாண்டியன் எழுதிய 'பருக்கை'யைத் தேடிப் பிடித்துப் படி. சென்னையில் படிக்க வந்து, செலவுக்குக் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போகிற மாணவர்களின் கதை. 2015இல் யுவ புரஸ்கார் வாங்கியது. உன் நண்பர்களில் எத்தனை பேர் முகூர்த்த நாளில் கேட்டரிங்குக்குப் போகிறார்கள்? எத்தனை பேர் ராத்திரி பதினொரு மணிக்குச் சிவப்பு டிஷர்ட்டோ ஆரஞ்சு டிஷர்ட்டோ மாட்டிக்கொண்டு அடுத்தவன் பசிக்கு வண்டி ஓட்டுகிறார்கள்? அவர்கள் யாருமே கதை இல்லாதவர்களா?

இப்போது கணக்குக்கு வருவோம். மலை மாதிரி தெரிகிறதே என்று மலைக்காதே. கடையில் 192 பக்கம் கோடு போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கு. சாதாரணக் கையெழுத்தில் பக்கத்துக்கு 170, 180 சொல் பிடிக்கும். நாளுக்கு இரண்டு பக்கம். 96ஆம் நாள் நோட்டு முடிந்திருக்கும், உன் கையில் முப்பதாயிரம் சொல்லுக்கு மேல் இருக்கும். அது ஒரு சிறு நாவல். ஆவடியில் மின்சார ரயிலில் ஏறி அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரவாக்கம் என்று தாண்டிச் சென்ட்ரலில் இறங்குவதற்குள் ஒரு பக்கம் எழுதிவிடலாம், உட்கார இடம் கிடைத்தால். கிடைக்காத நாளில் நின்றபடி போனில் எழுது. திரும்பி வரும்போது இன்னொரு பக்கம். அமெரிக்காவில் 1999இல் சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் 21 நண்பர்கள் சேர்ந்து ஒரே மாதத்தில் ஆளுக்கு 50,000 சொல் எழுதுவது என்று பந்தயம் போலத் தொடங்கினார்கள். வருடா வருடம் உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இருந்த அதே இருபத்து நாலு மணி நேரம்தான் உனக்கும்.

தினமும் எழுது. நன்றாக எழுது என்று சொல்லவில்லை, கவனி. முதல் தடவை எழுதும்போது கன்னாபின்னாவென்றுதான் வரும். வரட்டும். நேற்று எழுதியதை இன்று படிக்காதே. படித்தால் கிழித்துப் போடத் தோன்றும். முன்னால் போ. பாத்திரத்தின் பெயர் மறந்துவிட்டதா, வேறு பெயர் வைத்து எழுது, பிறகு சரிசெய்யலாம். 96 நாளும் ஒரே வேலைதான், முடிப்பது.

நம் ஊர்ப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார். பருத்திப்பட்டு. செங்கல்பட்டு, சேத்துப்பட்டு போல 'பட்டு' என்பது ஊர்ப்பெயரின் வால். தலையில் இருப்பது பருத்தி. தமிழில் புத்தகத்துக்கும் இழைக்கும் ஒரே பெயர்தான், நூல். ஏன் என்று நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் காரணம் சொல்லியிருக்கிறார். சொற்கள்தான் பஞ்சு. எழுதுகிறவன் நூற்கிற பெண். அவள் கைக்கு இவன் வாய். அவளுடைய கதிருக்கு இவன் அறிவு. இப்படி உட்கார்ந்து இழுத்தால் நூல் வருகிறது என்கிறார். எத்தனை எளிய, எத்தனை வீட்டுக்குப் பக்கத்து உவமை! சிம்மாசனம் கேட்கவில்லை, சரஸ்வதி கடாட்சம் கேட்கவில்லை. மடியில் பஞ்சோடு தரையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணைக் காட்டி, இவளைப் போல உட்கார் என்கிறார். பருத்தியைப் பெயரிலேயே வைத்திருக்கிற ஊரில் பிறந்துவிட்டு, பஞ்சு இல்லை என்று நீ எப்படிச் சொல்லலாம்?

அவர் அதோடு விடவில்லை. அடுத்தபடியாக நூலுக்கு இன்னொரு உவமை சொல்லுகிறார். தச்சர் மரத்தின் மேல் நூல் பிடித்து அடிப்பார், பார்த்திருக்கிறாயா? சாயம் தோய்த்த கயிறு மரத்தில் ஒரு கோடு போடும். எங்கே கோணல், எங்கே செதுக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரியும். மரத்தின் கோணலைத் தீர்ப்பது போல மனத்தின் கோணலைத் தீர்ப்பது நூல் என்கிறார் முனிவர். நான் இதை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன். நூற்பதற்கு நீ ஒருத்தன் போதும். நூல் பிடித்து அடிக்க இரண்டு பேர் வேண்டும். அந்த முனையை இழுத்துப் பிடிக்க ஒருத்தர், இந்த முனையில் நீ.

எழுதியதை அடுத்தவரிடம் காட்டு. நம்மில் பாதிப் பேர் தவறுகிற இடம் இதுதான். இதை நான் என் இழப்பிலிருந்து சொல்லுகிறேன்.

இருபத்து மூன்று வயதில் நான் ஒரு நாவல் எழுதினேன். நீள நோட்டு, 140 பக்கம், நீல மை. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிற ஒரு காலையில், குடம் வரிசை மாறியதால் எழுந்த சண்டையில் தொடங்கும். யாரிடமும் காட்டவில்லை. என்ன சொல்வார்களோ என்ற பயம். தகரப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். 2015 டிசம்பர் மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நாலாம் நாள் பெட்டியைத் திறந்தபோது நோட்டு ஊறி ஒரே கட்டியாகக் கிடந்தது. மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் பக்கம் பக்கமாகப் பிரித்து வெயிலில் பரப்பினேன். மை மொத்தமும் கரைந்து காகிதம் வானத்து நிறத்தில் இருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் 'குடம்' என்ற ஒரு சொல் தெரிந்தது. "என்ன கதைங்க அது?" என்று என் மனைவி கேட்டாள். சொல்லப் பார்த்தேன். பாதிக்கு மேல் எனக்கே நினைவில் இல்லை. அந்த நோட்டை அன்றைக்கு ஒரே ஒரு நண்பனிடம் படிக்கக் கொடுத்திருந்தால் அவன் ஞாபகத்திலாவது அது பிழைத்திருக்கும். திட்டியிருந்தாலும் பரவாயில்லை. திட்டுவதற்காவது அதை முழுக்கப் படித்திருப்பான் அல்லவா?

காட்டுவதற்கு வெட்கப்படாதே. தமிழன் புத்தகத்தை ஒளித்து வைத்துப் பழகியவன் இல்லை. அரங்கேற்றம் என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறோம். தொல்காப்பியத்தின் பாயிரம் என்ன சொல்லுகிறது? நிலந்தரு திருவின் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் கேட்க, குற்றமறச் சொல்லிக் காட்டினார் தொல்காப்பியர் என்கிறது. நமக்குக் கிடைத்திருக்கிற பழைய நூல்களில் தலையாயது, ஒரு கேள்விக்காரர் எதிரே உட்கார்ந்து கேட்ட பிறகுதான் வெளியே வந்திருக்கிறது. அவருக்கே அதங்கோட்டு ஆசான் வேண்டியிருந்தார் என்றால் உனக்கும் எனக்கும் வேண்டாமா?

கோவில்பட்டி பக்கத்தில் இடைசெவல் என்று சின்னஞ்சிறு ஊர். அங்கே கி.ராஜநாராயணன், கு.அழகிரிசாமி என்று இரண்டு நண்பர்கள். ஒருவர் விவசாயத்தோடு ஊரிலேயே இருந்தார். மற்றவர் பட்டணம் போய்ப் பத்திரிகையில் வேலை பார்த்தார். கடிதம் கடிதமாக எழுதிக்கொண்டார்கள். படித்ததைப் பற்றி, கேட்ட பாட்டைப் பற்றி, எழுதுவதைப் பற்றி. கி.ரா. முப்பது வயதைத் தாண்டித்தான் எழுத வந்தார். 1970இல் அழகிரிசாமிக்கும் 1991இல் கி.ரா.வுக்கும் அகாதெமி விருது. ஒரே ஊர்த் தெருப்புழுதியில் விளையாடிய இரண்டு பேருக்கு! தண்ணீர்க் குணம் என்று சிலர் சொல்லுவார்கள். நான் நட்பின் குணம் என்பேன். ஒருவர் எழுத்தை ஒருவர் மதித்துப் படித்த நட்பு அது.

நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி 'காகங்கள்' என்று ஒரு கூட்டம் நடத்தினார். மேடை கிடையாது, மாலை கிடையாது. எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் கூடி உட்கார்ந்து படித்ததைப் பேசினார்கள். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் க்ரியா வெளியீடாக வந்தது. க்ரியா ராமகிருஷ்ணன் எழுத்தாளரை எதிரில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பேசிச் செப்பனிட்ட பதிப்பாளர். ஒரு காற்புள்ளிக்காக வாதாடுவார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் இன்றும் சொல்லுகிறார்கள். அப்படி ஒரு கண் நம் எழுத்தின் மேல் படுவது வரம்.

வெளிநாட்டுக் கதை ஒன்றும் சொல்லிவிடுகிறேன், அதுவும் ஏரிக்கரைக் கதைதான். 1816இல் ஜெனிவா ஏரிக்கரையில் சில நண்பர்கள் தங்கியிருந்தார்கள். விடாத மழை, வெளியே போக முடியவில்லை. ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் கவிஞர் பைரன். அந்தக் கூட்டத்தில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பல நாள் அவளுக்குக் கதையே பிடிபடவில்லை. பிடிபட்டபோது அது 'ஃபிராங்கென்ஸ்டைன்' ஆனது. 1818இல் அச்சேறியது. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கும் மழை கொட்டுகிறது, ஸ்கூலுக்கும் காலேஜுக்கும் லீவு விடுகிறார்கள். நமக்கும் ஏரி இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தவர் எழுத்தைப் படித்துக் கருத்துச் சொல்வது எழுதுவதைவிடச் சின்ன வேலை என்று நினைக்காதே. நண்பன் அனுப்பியதைப் படித்துவிட்டு 'செம' என்று ஒரு வார்த்தை போடுகிறாய். அல்லது 'மொக்கை' என்கிறாய். இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் நீ அவனைப் படிக்கவில்லை. மூன்று மாதம் தூக்கத்தைத் தொலைத்து எழுதியவனுக்கு அது போதுமா? எந்தப் பக்கத்தில் நீ போனை எடுத்துப் பார்த்தாய் என்று சொல். எந்த இடத்தில் 'இப்படி ஒரு அம்மா பேச மாட்டாளே' என்று தோன்றியது என்று சொல். மறுநாள் காலையில் பல் விளக்கும்போது எந்தக் காட்சி நினைவுக்கு வந்தது என்று சொல். இந்த மூன்றையும் சொல்லிவிட்டால் நீ அவனுக்கு ஒரு வருடத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கிறாய்.

கருத்துச் சொல்லப் பாஷை தெரியவில்லையா? அதற்கும் நன்னூலுக்கே போ. நூலுக்கு வரக்கூடிய குற்றங்கள் பத்து என்று பட்டியல் இருக்கிறது. போதாமல் சொல்வது குன்றக் கூறல். அளவு மீறிச் சொல்வது மிகைபடக் கூறல். சொன்னதையே சொல்வது கூறியது கூறல். எனக்குப் பிடித்தது சென்று தேய்ந்து இறுதல். ஜோராகத் தொடங்கிப் போகப் போகத் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போவது. இன்றைக்கு வருகிற நாவல்களில் பாதிக்கு இந்த வியாதிதான், சினிமாவில் இரண்டாம் பாதி என்று நீ திட்டுவதும் இதைத்தான். நூற்றாண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் நோய்க்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நீ எடுத்துப் பேசினால் போதும்.

உன் எழுத்தை மற்றவர் பேசும்போது வாயை மூடிக்கொண்டு கேள். 'நான் அந்த அர்த்தத்துல எழுதல' என்று குறுக்கே பாயாதே. புத்தகம் கடைக்குப் போன பிறகு ஒவ்வொரு வாசகன் வீட்டுக்கும் போய் நீ விளக்கம் சொல்ல முடியாது. வலிக்கும். எனக்குத் தெரியும், வயிற்றைப் பிசையும், ராத்திரி சாப்பாடு இறங்காது. இரண்டு நாள் விடு. மூன்றாம் நாள் நோட்டை எடு. அவர்கள் சொன்னதில் எது உன் உள்மனத்துக்கு முன்பே தெரிந்திருந்ததோ, அதைத் திருத்து. நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுக்காதே, கதை உன்னுடையது. நாலு பேரும் ஒரே பக்கத்தைக் காட்டினால் அந்தப் பக்கத்தில் ஓட்டை இருக்கிறது. சந்தேகமே வேண்டாம்.

அந்த சிஎன்சி தம்பியை நான் விடவில்லை. நோட்டு ஒன்று வாங்கிக் கையில் திணித்தேன். மூன்று வாரம் ஆளைக் காணவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரைக்கு வந்தான், கூட இரண்டு நண்பர்கள், பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி. அவள் பி.காம். படிக்கிறாள். அவள் கையிலும் ஒரு நோட்டு. பெஞ்சில் உட்கார்ந்து அவன் வாசித்தான். பட்டறைக் கதை இல்லை. அவன் பாட்டி சொன்ன கதை. பெருமழைக்கு ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த ராத்திரி, ஊரே அரிக்கேன் விளக்கோடு ஓடி வந்து வலை போட்டு மீன் அள்ளிய கதை. வாசிக்கும்போது குரல் நடுங்கியது. அந்தப் பெண் வழக்குப் பேச்சில் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். "பாட்டி 'மகிழ்ச்சி'ன்னு சொல்லுவாங்களாடா? குஷின்னு போடு."

மஃப்ளர் கட்டிய பெரியவர் ஒருவர் நடந்து போனவர் நின்றுவிட்டார். இரண்டு அடி தள்ளி நின்றே கேட்டுக்கொண்டிருந்தார். அவன் முடித்ததும் கிட்டே வந்தார்.

"தம்பி, வலைன்னு எழுதியிருக்கியே. எங்க இருந்துச்சு வலை? வலை வாங்க யாருகிட்ட துட்டு? எங்கம்மாவும் எங்க சித்தியும் ஆளுக்கு ஒரு முனையைப் புடிச்சிக்கிட்டுப் பழைய பொடவையில தாம்பா மீன் புடிச்சாங்க. நூல் பொடவை."

தம்பி பேனாவை எடுத்து 'வலை'யை அடித்தான். மேலே 'புடவை' என்று எழுதினான். எழுதிவிட்டு நிமிர்ந்து கேட்டான்.

"என்ன கலர் பொடவை தாத்தா?"

பெரியவர் அவன் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தார். ஏரியைப் பார்த்தபடி யோசிக்க ஆரம்பித்தார்.